பினாங்கில் ஒரு பால்கனி: ஓய்வுக்காலத்துக்கு வெளிநாட்டில் வீடு வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

என் மாமா மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருச்சியில் சொந்த வீடு, ஒரே மகள் சிங்கப்பூரில். இரண்டு வருடத்துக்கு முன் மகளைப் பார்க்கப் போன மாமாவும் அத்தையும் அப்படியே ஐந்து நாள் மலேசியாவின் பினாங்குக்கும் போய்விட்டு வந்தார்கள். அன்றிலிருந்து மாமாவுக்கு ஒரே நினைப்பு. "கடலைப் பாத்த பால்கனிடா. கீழ இறங்குனா தோசை கிடைக்குது, டாக்டர் தமிழ் பேசுறாரு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில்ல பழனி மாதிரி கூட்டமாம். இங்க உக்காந்து என்ன பண்றோம்?"

கையில் ஒரு வழவழப்பான விளம்பரப் புத்தகமும், முன்பணம் கட்டும் படிவமும் வைத்திருந்தார். நான் சில வருடம் வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தவன் என்பதால் என்னிடம் கொண்டுவந்தார். கையெழுத்துப் போடும் முன் கேட்கிறாரே என்று எனக்கு நிம்மதி. பெரும்பாலானவர்கள் போட்ட பிறகுதான் வருவார்கள்.

அவருக்குச் சொன்னதையும் அவருக்காகத் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். மலேசியா, தாய்லாந்து, துபாய் மூன்றைத்தான் அதிகம் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்க்காரர்கள் இந்தப் பேச்சை எடுத்தாலே இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்பார்கள். விதிகளும் எண்களும் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டும் வாரத்தில் இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கேள்வியை ஒன்றாக முடிச்சுப் போடுவது

"அங்கே போய் வாழலாமா" என்பது ஒரு கேள்வி. "அங்கே வீடு வாங்கலாமா" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தவுடனே இரண்டாவதற்கும் ஆமாம் என்று எடுத்துக்கொள்வதுதான் மற்ற எல்லாத் தவறுக்கும் தாய். வாழப் பிடித்திருந்தால் வாடகைக்கு இருக்கலாம். பிடிக்காமல் போனால் இரண்டு மாத வாடகை முன்பணம் நட்டம், அவ்வளவுதான். வாங்கிவிட்டால் திரும்பி வருவதற்கே பல லட்சம் செலவாகும்.

நம்மிடம் இது எடுபடுவது கஷ்டம் என்று தெரியும். வாடகை வீட்டில் சாவதா என்று கேட்கும் தலைமுறை அது. மாமாவும் அதையே கேட்டார்.

ஐந்து நாள் சுற்றுலாவில் பார்த்த ஊரும் நாம் குடியிருக்கப் போகும் ஊரும் ஒன்றாக இருப்பதில்லை. தாய்லாந்தின் சியாங் மாய்க்கு டிசம்பரில் போனவர்கள் குளிரையும் மலையையும் பார்த்து மயங்கிவிடுவார்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயல் எரிப்பும் காட்டுத் தீயும் சேர்ந்து அந்த ஊர் புகைக்குள் மூழ்கிக் கிடக்கும். ஆஸ்துமாக்காரர்கள் ஜன்னலைத் திறக்க முடியாது. துபாயில் ஜனவரி சொர்க்கம். ஜூலையில் 45 டிகிரி, மாலை நடை என்பது மாலுக்குள்தான். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை கொட்டும். விளம்பரப் படம் எதுவும் அந்த மாதங்களில் எடுக்கப்பட்டதாக இருக்காது.

வீடு இருந்தால் தங்க விடுவார்கள் என்ற நம்பிக்கை

சொத்துரிமை வேறு, தங்கும் உரிமை வேறு. தாய்லாந்தில் இது பளிச்சென்று தெரியும். அங்கே நீங்கள் பத்து காண்டோ (அடுக்கக வீடு) வாங்கினாலும் அதற்காக ஓய்வுக்கால விசா கிடைக்காது. அதற்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், 90 நாளுக்கு ஒரு முறை முகவரியைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 62 வயதில் இதெல்லாம் ஒன்றுமில்லை. 82 வயதில் யார் வரிசையில் நிற்பது?

மலேசியாவில் கதை வேறு. வெளிநாட்டவரை நீண்ட காலம் தங்க அனுமதிக்கும் 'மலேசியா மை செகண்ட் ஹோம்' திட்டம் 2002-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்து ஓய்வூதியரும் எட்டிப் பிடிக்கக்கூடியதாக இருந்தது. 2021-ல் திடீரென்று மாத வருமானம் 40,000 ரிங்கிட், வைப்புத் தொகை 10 லட்சம் ரிங்கிட் என்று ஏற்றிவிட்டார்கள். பழைய விதியை நம்பி உள்ளே போயிருந்தவர்களிடையே பெரிய சலசலப்பு. 2024-ல் மறுபடி மாற்றி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று படிகளாக்கினார்கள். கீழ்ப்படியான வெள்ளிக்கே 1.5 லட்சம் டாலர் வைப்பு, அதோடு 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத வீடு கட்டாயம். அனுமதி ஐந்து வருடத்துக்கு. வாங்கிய வீட்டைப் பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது; இன்னும் விலை கூடிய வீட்டுக்கு மாறலாம், அவ்வளவே. இந்தக் கடைசி இரண்டு வரியையும் மாமாவை இரண்டு முறை படிக்கச் சொன்னேன். தங்க அனுமதி ஐந்து, விற்கத் தடை பத்து.

துபாயில் 55 வயது தாண்டியவர்களுக்கு 10 லட்சம் திர்ஹம் சொத்தின் பேரில் ஐந்து வருட ஓய்வுக்கால விசா உண்டு. 20 லட்சம் திர்ஹம் என்றால் பத்து வருட கோல்டன் விசா. வீட்டை விற்றால் அதன் பேரில் வாங்கிய விசாவும் கூடவே போகும். உடம்புக்கு முடியாமல் வீட்டை விற்றுப் பணமாக்க வேண்டிய நேரம்தான் தங்கும் உரிமையும் தேவைப்படும் நேரம் என்பதை யோசியுங்கள்.

ஐரோப்பாவைப் பற்றிக் கனவு காண்பவர்களுக்கு ஒரு வரி போதும். போர்ச்சுகல் 2023 அக்டோபரில் சொத்து வாங்கி கோல்டன் விசா பெறும் வழியை மூடியது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் அந்தத் திட்டத்தையே நிறுத்தியது. உள்ளூர் இளைஞர்களுக்கு வீடு கிடைக்கவில்லை என்ற கோபம்தான் முக்கியக் காரணம். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். நம் தெருவில் வெளிநாட்டவர் வந்து விலையை ஏற்றினால் நாமும் அதைத்தான் சொல்லுவோம்.

எதை வாங்குகிறோம் என்றே தெரியாமல் வாங்குவது

நம் ஊரில் ஒரு மனை வாங்க வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா என்று முப்பது வருடத்தைத் தோண்டிப் பார்ப்பவர்கள், வெளிநாடு என்றதும் ஓட்டல் அரங்கத்தில் ஒரு கண்காட்சியைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். சென்னையில் சனி, ஞாயிறுகளில் நட்சத்திர ஓட்டல்களில் நடக்கும் இந்தக் கண்காட்சிகளில் காபி நன்றாக இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் விற்பனைக்காரர், உங்கள் வக்கீல் இல்லை. "வருடத்துக்கு இத்தனை சதவீத வாடகை உத்தரவாதம்" என்று சொன்னால், அந்த வாடகையைப் பெரும்பாலும் வீட்டின் விலையிலேயே முன்கூட்டி ஏற்றியிருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. காண்டோ வாங்கலாம், ஆனால் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் கைக்குப் போகக் கூடாது. அந்தக் கணக்கு நிறைந்துவிட்ட கட்டடத்தில் மிச்சமிருப்பது உங்களுக்கு இல்லை. வாங்கும் பணம் வெளிநாட்டு நாணயமாக வெளியிலிருந்து வந்ததற்கு அங்குள்ள வங்கி தரும் சான்று இல்லாவிட்டால் நில அலுவலகத்தில் உங்கள் பேருக்குப் பதிவாகாது. நண்பர் அங்கேயே பாட் நாணயமாகக் கொடுத்தார் என்பதெல்லாம் இங்கேதான் சிக்கும்.

தோட்டத்தோடு தனி வீடு வேண்டும் என்பவர்களுக்கு 30 வருடக் குத்தகை என்று ஒன்றை விற்பார்கள். "முப்பது, அப்புறம் இன்னொரு முப்பது, அப்புறம் இன்னொரு முப்பது" என்பார்கள். சட்டம் ஒரு தடவைக்கு முப்பதுதான் ஒத்துக்கொள்கிறது. மற்றது விற்பவர் வாய்வார்த்தையை எழுதிக் கொடுத்ததற்கு மேல் பெறாது. 62 வயதுக்காரருக்கு 92 வரை போதுமே என்று மாமா கேட்டார். சரி, போதும்தான். ஆனால் குத்தகைக்குச் சொந்த வீட்டு விலை ஏன் கொடுக்க வேண்டும்? இன்னொரு வழி, உள்ளூர்க்காரர்களைப் பங்குதாரர்களாகக் காட்டி ஒரு கம்பெனி தொடங்கி, அதன் பேரில் நிலம் வாங்குவது. அது பினாமி. அங்கேயும் குற்றம்தான்.

மலேசியாவில் நிரந்தர உரிமை, 99 வருடக் குத்தகை என்று இரண்டு வகை. குத்தகை என்றால் 99-ல் எத்தனை மிச்சம் என்று கேளுங்கள். 50 சொச்சம் மிச்சமுள்ள வீட்டுக்கு அடுத்து வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். வெளிநாட்டவர் வாங்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் குறைந்தபட்ச விலையும் உண்டு. கோலாலம்பூரில் அது 10 லட்சம் ரிங்கிட். மலாய் இனத்தவருக்கென்று ஒதுக்கிய நிலம் எந்த விலைக்கும் உங்களுக்குக் கிடையாது. முத்திரைத் தீர்வை வெளிநாட்டவருக்கு 2024-ல் ஒரே வீதமாக 4 சதவீதம் ஆனது. 2026 தொடக்கத்தில் குடியிருப்புகளுக்கு அதை 8 ஆக்கிவிட்டார்கள். 6 லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு 48,000 ரிங்கிட் அதிலேயே போகும். ஐந்து வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 சதவீதம் வரி, அதற்குப் பிறகு 10.

ஜொகூரில் கடலைத் தூர்த்துக் கட்டிய ஃபாரஸ்ட் சிட்டியை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் பாதி ஆசை அடங்கிவிடும். ஏழு லட்சம் பேர் வாழப்போகும் நகரம் என்று திட்டமிட்டார்கள். சீனர்களை நம்பிக் கட்டினார்கள். சீனா தன் மக்கள் வெளிநாட்டுக்குப் பணம் கொண்டுபோவதை இறுக்கியது. 2018-ல் பிரதமர் மகாதீர் அங்கே வெளிநாட்டவர் வீடு வாங்க விடமாட்டோம் என்று சொன்னார். பிறகு விளக்கம், சமாதானம் எல்லாம் வந்தாலும் வாங்க வந்தவர்கள் போனது போனதுதான். வரிசை வரிசையாகக் கோபுரங்கள், இரவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விளக்குகள். இப்போது அதைச் சிறப்பு நிதி மண்டலம் ஆக்கி, அதே மை செகண்ட் ஹோம் திட்டத்தில் 50 வயது கடந்தவர்களுக்கு 32,000 டாலர் வைப்பு போதும் என்று சலுகை கொடுத்திருக்கிறார்கள். மாமாவின் விளம்பரப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் அதுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்றார். பால் பாக்கெட் வாங்க எங்கே போவீர்கள் என்று கேட்டேன்.

பணம் போகும் வழி

இதில்தான் படித்தவர்களே அதிகம் சறுக்குகிறார்கள். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வீடு வாங்கவும் இது செல்லும். கணவனும் மனைவியும் சேர்த்து அனுப்பினால் 5 லட்சம். ஆனால் சேர்த்து அனுப்பினால் வீட்டுப் பத்திரத்திலும் இருவர் பேரும் இருக்க வேண்டும். அத்தை கணக்கிலிருந்தும் பணம் எடுத்து, பத்திரத்தில் மாமா பேரை மட்டும் போட்டால் அது விதிமீறல்.

இதற்காக இங்குள்ள வங்கியில் கடன் வாங்கி அனுப்பக் கூடாது. கண்காட்சியில் முன்பணத்துக்குக் கிரெடிட் கார்டைத் தேய்ப்பதும் கூடாது. அனுப்பிய பணம் வீட்டுக்கோ வேறு முதலீட்டுக்கோ போகாமல் அங்கே சும்மா கிடந்தால் 180 நாளுக்குள் திரும்பிக் கொண்டுவர வேண்டும். கட்டுமானம் தாமதமாகும் திட்டங்களில் பணத்தை முன்கூட்டி அனுப்பி வைத்துவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

அடுத்தது டி.சி.எஸ்., அதாவது பணம் அனுப்பும்போதே பிடிக்கும் வரி. வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் இப்படி அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதத்தை வங்கி பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டிவிடும். ஒருவர் 1.5 கோடி அனுப்பினால் 28 லட்சம் தனியாக வேண்டும். இது செலவில்லை, வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரருக்கு அது சரி. ஓய்வூதியம் மட்டும் வாங்குபவருக்குக் கழிக்க அவ்வளவு வரியே இருக்காது. ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பி வாங்கும்வரை அந்த 28 லட்சம் முடங்கிக் கிடக்கும். மாமா போட்ட பட்ஜெட்டில் இந்த வரியே இல்லை.

இதைத் தவிர்க்கத்தான் சிலர் வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியல் வழியைச் சொல்லுவார்கள். "எல்லாரும் பண்றதுதான் சார்" என்பார்கள். அந்நியச் செலாவணிச் சட்டத்தில் மீறிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். வெளிநாட்டுச் சொத்துக்கு ஈடான மதிப்பில் இந்தியாவில் உள்ள சொத்தை முடக்கவும் அமலாக்கத் துறைக்கு அதிகாரம் உண்டு. பினாங்கு பால்கனிக்காகத் திருச்சி வீட்டில் நோட்டீஸ் ஒட்டிப் போவார்கள் என்று அர்த்தம்.

வாங்கிய பிறகும் வேலை முடிவதில்லை. நீங்கள் வருமான வரிக்கு இந்தியாவில் சாதாரணமாக வசிப்பவர் என்ற கணக்கில் இருக்கும்வரை, ஒவ்வொரு வருட ரிட்டர்னிலும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்த வீட்டைக் காட்ட வேண்டும். அங்குள்ள வங்கிக் கணக்கையும்தான். வருமானம் ஒரு பைசா வராவிட்டாலும் காட்ட வேண்டும். விட்டால் 2015-ன் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் அபராதம். 2024 அக்டோபரிலிருந்து 20 லட்சத்துக்குக் குறைவான வங்கி இருப்பு, பங்கு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வீடு, நிலத்துக்குக் கிடையாது. உங்கள் வழக்கமான ஆடிட்டர் இதுவரை இந்த அட்டவணையைத் தொட்டிருக்கவே மாட்டார். கேட்டுப் பார்த்துவிட்டு, தேவையானால் வேறு ஆடிட்டரைப் பாருங்கள்.

இங்கே இருக்கும் வீட்டை எப்போது விற்பது

மாமாவின் திட்டம் எளிமையானது: முதலில் போய் இரண்டு வருடம் இருப்பது, பிடித்திருந்தால் திருச்சி வீட்டை விற்றுப் பினாங்கு வீட்டில் போடுவது. கேட்க நியாயமாக இருக்கிறது. இதில் இரண்டு பொறி உண்டு.

வீட்டை விற்று வந்த லாபத்தில் இன்னொரு வீடு வாங்கினால் மூலதன ஆதாய வரி இல்லை என்பது பலருக்கும் தெரியும். அந்த இன்னொரு வீடு இந்தியாவில் இருக்க வேண்டும் என்பது 2014-ல் சட்டத்தில் சேர்ந்தது. அது பலருக்குத் தெரியாது. திருச்சியில் விற்றுப் பினாங்கில் வாங்கினால் விலக்கு கிடையாது, முழு வரி.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும்போது, 12.5 சதவீத வரி கட்டுவதா அல்லது பணவீக்கத்தைக் கழித்துவிட்டு 20 சதவீதம் கட்டுவதா என்று லாபகரமானதைத் தேர்ந்தெடுக்கலாம். இந்தத் தேர்வு இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். வெளிநாட்டில் குடியேறி என்.ஆர்.ஐ. ஆனபின் விற்றால் 12.5 மட்டும்தான். 1990-களில் வாங்கிக் கட்டிய வீடு என்றால் பெரும்பாலும் அப்போதும் 12.5 குறைவாகவே வரும். பத்து வருடத்துக்குள் வாங்கி விலை மெதுவாக ஏறிய அடுக்ககம் என்றால் வித்தியாசம் லட்சக்கணக்கில் இருக்கலாம். போகும் முன் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்.ஆர்.ஐ. ஆனபின் விற்கும்போது வாங்குபவர் உங்கள் வரியைப் பிடித்துத்தான் மிச்சத்தைத் தருவார் என்பதால் பேரமும் இழுக்கும்.

விற்காமல் வாடகைக்கு விட்டாலும் மாற்றம் உண்டு. வீட்டு உரிமையாளர் என்.ஆர்.ஐ. என்றால் குடியிருப்பவர் வாடகையில் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். கீழ்வீட்டில் பத்து வருடமாக இருக்கும் பள்ளி ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், காலி செய்கிறேன் என்பார். சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகப் போட முடியாது. ஓய்வூதியக்காரர்கள் வருடா வருடம் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டியதையும் மறந்துவிடாதீர்கள். போன் வழியாக முகம் காட்டிக் கொடுக்கும் வசதி இப்போது இருக்கிறது.

ரூபாயில் வரவு, பாட் நாணயத்தில் செலவு

2014-ல் ஒரு பாட் இரண்டு ரூபாய்க்கும் கீழே இருந்தது. 2025-ல் இரண்டரை ரூபாயைத் தாண்டிவிட்டது. டாலர் 2005-ல் 44 ரூபாய் வாக்கில், 2025 டிசம்பரில் 90. அகவிலைப்படி ஏறுகிறதே என்று மாமா சொன்னார். அது இந்திய விலைவாசிக்கு ஏற்ப ஏறுவது. ரிங்கிட்டைப் பார்த்து ஏறாது. இருபது வருட ஓய்வுக்காலத்துக்கு இந்த அரிப்பைச் சேர்க்காமல் போடும் எந்தக் கணக்கும் பொய்க்கணக்கு.

எதிர்ப்பக்கமும் உண்டு. நாணயம் விழுந்த நாட்டில் சொத்து வைத்திருப்பவர் கதை. 2022-ல் இலங்கை ரூபாய் சில மாதங்களில் டாலருக்கு 200 என்பதிலிருந்து 360 வரை சரிந்தது. கொழும்பில் அடுக்ககம் வாங்கியிருந்தவர்களின் டாலர்க் கணக்கு அப்படியே கரைந்தது. (இலங்கையில் 2014 சட்டத்துக்குப் பின் வெளிநாட்டவர் நிலம் வாங்கவும் முடியாது; மொழி ஒன்று என்ற நினைப்பில் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.)

வரியும் நிலையாக நிற்பதில்லை. தாய்லாந்தில் வருடத்துக்கு 180 நாள் இருப்பவர்கள் முந்தைய வருடச் சேமிப்பை வரியில்லாமல் உள்ளே கொண்டுவரலாம் என்று பல காலம் இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். மலேசியா வெளிநாட்டு வருமானத்துக்குத் தனிநபர்களுக்கு 2036 வரை விலக்கு கொடுத்திருக்கிறது.

மாதப் பராமரிப்புக் கட்டணம், அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்காக எதிர்காலப் பழுதுக்கான நிதி, வீட்டு வரி, நில வரி, பூட்டிக் கிடந்தாலும் ஓடும் காப்பீடு. இவற்றை விளம்பரப் புத்தகத்தில் தேடாதீர்கள், கட்டடத்தில் குடியிருப்பவரிடம் கேளுங்கள்.

எழுபதுக்குப் பிறகு

62 வயதில் முடிவெடுப்பவர் 62 வயது உடம்பை வைத்தே முடிவெடுக்கிறார். பினாங்கிலும் பாங்காக்கிலும் நல்ல தனியார் மருத்துவமனைகள் உண்டு, உண்மை. பணம் யார் கட்டுவது என்பதுதான் கேள்வி. இங்கே அரசு ஓய்வூதியருக்கு உள்ள மருத்துவக் காப்பீடு எல்லை தாண்டி வராது. நம் தனியார் பாலிசிகளில் பெரும்பாலானவையும் இந்தியாவில் எடுக்கும் சிகிச்சைக்குத்தான். அங்கே புதிதாக எடுக்கப் போனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், போட்ட ஸ்டென்ட் எல்லாவற்றையும் கேட்பார்கள். மலேசியாவில் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் ஏறிய ஏற்றத்தில் 2024 டிசம்பரில் மத்திய வங்கியே தலையிட்டு, உயர்வைச் சில வருடங்களுக்குப் பிரித்து ஏற்றச் சொல்ல வேண்டியதாயிற்று.

இதில் நடக்கும் பெரிய தவறு, "இனி எதற்கு" என்று இந்தியப் பாலிசியை நிறுத்துவது. 75 வயதில் திரும்பி வந்தால் புதிய பாலிசி தருவார்கள்; 2024-லிருந்து வயதைக் காட்டி அடியோடு மறுக்க முடியாது. ஆனால் பிரீமியம் அந்த வயதுக்குரியது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு. பத்து வருடமாகக் கட்டிவந்ததை விடாமல் கட்டிக்கொண்டே இருங்கள். திரும்பி வரும் வழிக்கு நீங்கள் கட்டும் சுங்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் யாரும் பேச விரும்பாத விஷயம். இருவரில் ஒருவர் முதலில் போவார். கார் ஓட்டுவது, வங்கி, குடிவரவு அலுவலகம் எல்லாம் மாமா. அத்தைக்குப் பினாங்கில் யாரைத் தெரியும்? விசா யார் பேரில், வங்கிக் கணக்கு யார் பேரில், ஒருவர் இறந்தால் அது முடக்கப்படுமா என்பதை எல்லாம் இருவரும் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தாய்லாந்தில் காண்டோவை வாரிசாகப் பெறும் வெளிநாட்டவருக்கு அங்கே சொத்து வைத்திருக்கத் தகுதி இல்லையென்றால் ஒரு வருடத்துக்குள் விற்றாக வேண்டும். துபாயில் முஸ்லிம் அல்லாதவர்கள் உயிலைப் பதிவு செய்ய 2015 முதல் தனி ஏற்பாடு இருக்கிறது. பதியாமல் விட்டால் மனைவிக்கு நீதிமன்ற அலைச்சல்தான்.

இந்தியாவில் எழுதிய உயிலே போதும் என்று விடாதீர்கள். அதை அந்த நாட்டு நீதிமன்றத்தில் செல்லுபடியாக்கவே மாதக்கணக்கில் ஆகும். அங்குள்ள சொத்துக்கு அங்கே ஒரு உயில், இங்குள்ளதற்கு இங்கே ஒன்று. எழுதும்போது ஒரு வரியில் கவனம் வேண்டும். "இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்" என்ற வழக்கமான வாசகத்தை வக்கீல் பழக்கத்தில் போட்டுவிடுவார். அங்கே எழுதும் இரண்டாவது உயில், திருச்சி வீட்டுக்கான முதல் உயிலையும் சேர்த்து அடித்துவிடும்.

மாமா இப்போது

முன்பணப் படிவம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவில் 30 நாள் தங்கலாம் என்பதால், மாமாவையும் அத்தையையும் வேண்டுமென்றே அக்டோபரில் அனுப்பிவைத்தேன். ஓட்டல் வேண்டாம், விளம்பரப் புத்தகத்தில் இருந்த அதே கட்டடத்தில் ஒரு மாத வாடகைக்கு வீடு எடுங்கள் என்றேன். பதினேழாவது மாடி கிடைத்தது.

மாமா போனில் கடலைப் பற்றிப் பேசவில்லை. மழை சாரல் அடித்துப் பால்கனியில் துணி காயவில்லை, லிஃப்ட் இரண்டு நாள் ஓடவில்லை, கீழே தோசைக்கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கிறது என்று அத்தைதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆனால் பக்கத்து வீட்டுத் தமிழ் ஆசிரியை ஒருவரோடு நல்ல பழக்கமாகிவிட்டதாம். தைப்பூசத்துக்கு இன்னொரு மாதம் வரலாமா என்று கேட்டாள். வாடகைக்குத்தானே என்றேன். "பின்ன?" என்றாள்.